கூட வருகிறவர் யார்? தலித் கிறிஸ்தவ எழுத்தில் கடவுளின் துணை

மேனாம்பேட்டில் ஷீட் போட்ட ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஜெபக்கூட்டம். பாய் விரித்து இருபது பேர், பெரும்பாலும் பெண்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு அப்படியே வந்து உட்கார்ந்தவர்கள். பாட்டு முடிந்ததும் சாட்சி சொல்லும் நேரம். ஓர் அக்கா எழுந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர்தான், ஆனால் அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவர் அக்கா, எனக்கும் அப்படியே. துணிக் கம்பெனியில் ஹெல்பர். விடியுமுன் கிளம்பி, கம்பெனி வேன் நிற்கிற முனைவரை இருட்டில் தனியாக நடக்க வேண்டும்.

"நாலரைக்குக் கதவச் சாத்தும்போதே ‘வா போலாம்’னு கூப்ட்டுருவேன். யாரைனு கேக்காதீங்க. அவரைத்தான். கூடவே வருவாரு. நேத்து சூப்பர்வைசர் இன்னா பேசினான், வட்டிக்காரன் இன்னா சொல்லிட்டுப் போனான், பொண்ணு ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு கீறா, எல்லாம் சொல்லிகினே போவேன். ஒண்ணும் பதில் பேச மாட்டாரு. ஆனா கேட்டுகினே வருவாரு. அது போதும் எனக்கு."

எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். என்னோடு வந்திருந்த கல்லூரி மாணவர், நம் இயக்கத்துப் பிள்ளை, வெளியே வந்ததும் மெதுவாகக் கேட்டார்: "தோழர், பகல் முழுக்க மிதி வாங்கறவங்களுக்கு இருட்டுல ஒரு கற்பனைத் துணை. இதைத்தானே அபின்னு சொன்னாங்க?"

இதே கேள்வியை நான் கேட்டுத் திரிந்த காலம் உண்டு. தொண்ணூறுகளில் தலித் இலக்கியம் பற்றிய எந்தக் கூட்டத்திலும் மதம் என்று வந்துவிட்டால் நமக்கு இரண்டே வரிகள்தான் கைவசம் இருந்தன. ஒன்று, சர்ச்சிலும் சாதி இருக்கிறது. இரண்டு, பக்தி மயக்கம். முதல் வரி நூற்றுக்கு நூறு உண்மை. இரண்டாவது வரியைச் சொன்ன மார்க்ஸ் அதே இடத்தில் மதத்தை ஒடுக்கப்பட்ட ஜீவனின் பெருமூச்சு என்றும் சொல்லியிருக்கிறார் என்பதை நாம் வசதியாகத் தாண்டிப் போனோம். அபின் என்பது பிடித்துவிட்டது. பெருமூச்சு பிடிக்கவில்லை. பெருமூச்சைக் கேட்க வேண்டுமானால் பக்கத்தில் போய் உட்கார வேண்டியிருக்கிறது.

அந்த அக்காவின் சாட்சியை ஒரு பிரதியாக எடுத்து வாசிக்கிறேன். இலக்கியப் பிரதிகளை மட்டும்தான் விமர்சிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

முதலில் கண்ணில் படுவது அந்த ‘வா’. தமிழ்க் கிறிஸ்தவம் கடவுளைக் கூப்பிட வைத்திருக்கும் சொற்களை நினைத்துப் பாருங்கள். தேவரீர், கர்த்தாவே, ஆண்டவரீர். பழைய வேதாகமத் தமிழ் அரசவைத் தமிழ். எஜமானின் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறவன் பேசுகிற தமிழ். அக்காவை கம்பெனியில் வயதில் சின்னவன் ‘வா, போ’ என்கிறான். கோபம் வந்தால் ‘டி’ போடுகிறான். அவர் யாரையும் திருப்பி அப்படிச் சொல்ல முடியாது. நாளெல்லாம் மற்றவர்களை சார், மேடம் என்று கூப்பிட்டே நாக்கு தேய்ந்த ஒருத்தி, வானத்தையும் பூமியையும் படைத்தவரை ‘வா போலாம்’ என்கிறாள். அடுத்த வாக்கியத்திலேயே ‘வருவாரு’ என்று மரியாதைக்குப் போய்விடுகிறாள். நேரில் ‘வா’, நம்மிடம் சொல்லும்போது ‘வருவாரு’. புருஷனைப் பற்றி, அண்ணனைப் பற்றி, நெருங்கிய சினேகிதனைப் பற்றி நம் பெண்கள் பேசுகிற இலக்கணம் இது. இதில் மயக்கம் எங்கே இருக்கிறது? மரியாதைப் பன்மையை யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் விடுவது என்பதைப் பிறப்பை வைத்தே முடிவு செய்கிற ஒரு சமூகத்தில், ஒரே ஓர் ஆளிடமாவது அந்த முடிவு தன் கையில் இருக்கிறது என்று அவர் கண்டுபிடித்திருக்கிறார்.

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியம் இந்த ‘வா’வை அறியாது. அதன் பெரிய பெயர்கள் இரண்டை எடுத்துக்கொள்வோம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864), எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900). இரண்டு பேரும் வேளாளர். இரண்டு பேருமே பெரும் புலவர்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை என் அம்மா அடுப்படியில் பாடிக் கேட்டு வளர்ந்தவன் நான். துன்பத்தில் தேவன் அருகிருக்கிறார் என்கிற உணர்வு அந்தப் பாட்டுகளில் கனிந்திருக்கிறது. ஆனால் அதே சாஸ்திரியார், 1820-களில் தஞ்சாவூருக்கு வந்த புதிய மிஷனரிகள் சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று சொன்னபோது, சாதியாசாரத்தின் பக்கம் நின்று எழுதினார். தகராறு எதைப் பற்றி? தத்துவம் ஏதுமில்லை. ஆராதனையில் யார் எங்கே உட்காருவது, நற்கருணைக் கிண்ணத்தில் யார் முதலில் வாய் வைப்பது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். தேவன் கூட இருப்பது ஆறுதலாக இருந்தது. பறையன் கூட இருப்பது தாங்கவில்லை.

கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வந்தது. ஜான் பன்யனின் கதையைக் கம்பனின் நடையில் காப்பியமாக்கியது. ஆத்துமா என்கிற வழிப்போக்கன் மோட்சம் நோக்கி நடக்கிறான். பன்யன் யார் தெரியுமா? ஊர் ஊராகப் போய் ஓட்டைப் பாத்திரம் அடைத்துப் பிழைத்தவர். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660இலிருந்து 12 வருஷம் ஜெயிலில் கிடந்தவர். ஈயம் பூசுகிறவனின் வழிநடைக் கதை தமிழுக்கு வந்து சேர்ந்தபோது விருத்தப்பாவில், பண்டிதர்கள் மட்டும் படிக்கிற காவியமாகிவிட்டது. விடியுமுன் நிஜமாகவே நடக்கிறவளுக்கு அதில் இடமில்லை. எழுத்தறிவு இல்லாததால் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த யாத்திரிகன் நடக்கிற பாதையில் ஊர்த்தெரு, சேரித்தெரு என்கிற பிரிவே கிடையாது. நம் ஆட்கள் நடந்த பாதையில் முதலில் வருவது அதுதான். செருப்பைக் கையில் எடு, சைக்கிளை விட்டு இறங்கு, பிணத்தை வேறு வழியாகக் கொண்டுபோ. கிறிஸ்தவ ஊர்களும் விலக்கில்லை. 2008 மார்ச்சில் எறையூர் கத்தோலிக்கக் கிராமத்தில் தலித்துகள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையொட்டி ஊரே பற்றி எரிந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவப் பிணங்களைப் பிரித்து நிறுத்திய சுவர் நாடறிந்தது. செத்த பிறகும் துணைக்கு ஆள் பார்த்துத்தான் படுக்க வைத்தார்கள்.

‘துணை’ என்கிற சொல்லிலேயே கொஞ்சம் நிற்போம். பழைய வேதாகமம் பரிசுத்த ஆவியைத் தேற்றரவாளன் என்றது. அழுகிறவளைத் தேற்றுகிறவர். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு துணையாளர் என்று மாற்றியது. எனக்குப் புதிய சொல்தான் பிடிக்கிறது. தேற்ற வருகிறவர் தேற்றிவிட்டுப் போய்விடலாம். எழவு வீட்டுக்கு வந்து போகிறவர்கள் எல்லாரும் அப்படித்தானே. துணைக்கு வருகிறவர் கூட நடந்தாக வேண்டும்.

ஆனால் யார் கூட? புத்தாண்டு ராத்திரி ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாக்குத்தத்த அட்டை கொடுக்கிறார்கள். பூப்படம், சூரிய உதயம், நடுவில் ஒரு வசனம். அதை வருஷம் முழுக்க நிலைப்படி மேலோ பர்சுக்குள்ளோ வைத்துக்கொள்கிறோம். அதிகம் அச்சாகும் வசனங்களில் ஒன்று, மத்தேயு சுவிசேஷத்தின் கடைசியில் இயேசு கொடுக்கிற வாக்கு. எல்லா நாளும் கூட இருப்பதாகச் சொல்வது. அதில் வருகிற ‘உங்களுடனே’ பன்மையா, மரியாதையா? அட்டையில் தெரியாது. தமிழில் இரண்டுக்கும் ஒரே உருவம். ஆகவே அவரவர் அதை ‘என்னோடு’ என்று படித்துக்கொள்கிறோம். சுவிசேஷத்தைத் திறந்து பார்த்தால் கலிலேயாவில் ஒரு மலைமேல் பதினோரு பேர் நிற்கிறார்கள். அவர்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னது. இம்மானுவேல் என்கிற பெயருக்கு வேதாகமமே கொடுக்கிற அர்த்தத்தில் இருப்பதும் ‘நம்மோடு’. ‘எங்களோடு’ என்றும் இல்லை, ‘என்னோடு’ என்றும் இல்லை. கேட்கிறவனையும் சேர்த்துக்கொள்கிற ‘நாம்’. இந்த வித்தியாசம் எல்லா மொழிக்கும் வாய்த்ததில்லை. தமிழுக்கு வாய்த்திருக்கிறது. வாய்த்தும் என்ன? இந்த நாட்களில் வருகிற ஆராதனைப் பாட்டுகளை எண்ணிப் பாருங்கள். நான், என், எனக்கு, என்னோடு. ஒவ்வொருவரும் கண்ணை மூடிக்கொண்டு தனித்தனியாக ஒரே ஆளோடு பேசுகிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யாரென்று பார்க்கத் தேவையில்லை. சாதி பார்க்கிற சபைக்கு இதைவிட வசதியான பக்தி கிடைக்குமா?

அந்தப் பெயரை வைத்திருந்த நம்முடைய ஒருவரும் நினைவுக்கு வருகிறார். இம்மானுவேல் சேகரன். சமாதானக் கூட்டம் என்று கூப்பிட்ட இடத்தில் மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்தார், எழுந்து நிற்கவில்லை என்பதுதான் அவர் செய்த குற்றம் என்று தெற்கே இன்றைக்கும் பேசுகிறார்கள். மறுநாள், 1957 செப்டம்பர் 11, பரமக்குடியில் வெட்டிக் கொன்றார்கள். கூட உட்காருவது என்பது இந்த மண்ணில் உயிர் போகிற காரியம். அதைத்தான் கடவுள் செய்கிறார் என்று ஒரு மதம் சொல்கிறது. சொன்னதன் கனம் அந்த மதத்துக்கே தெரிந்திருக்கிறதா என்பது சந்தேகம்.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் மதுரையிலிருந்து வந்தபோது நாம் எல்லாரும் கொண்டாடினோம். எதைக் கொண்டாடினோம்? பேச்சுத் தமிழை, சேரி வாழ்க்கையை, கான்வென்டின் சாதியைத் தோலுரித்ததை. சரிதான். ஆனால் அந்தப் புத்தகம் முழுக்க ஒரு பெண் கடவுளோடு நடத்துகிற வழக்கும் இருக்கிறது. அதை வாசித்தவர்கள் குறைவு. நானும் ஒரு கூட்டத்தில் அரைமணி நேரம் கருக்கு பற்றிப் பேசிவிட்டு, ஜெபம் என்கிற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லாமல் இறங்கியவன்தான்.

சின்ன வயதில் அவளுக்குக் கிடைக்கும் கடவுள் பயமுறுத்துகிற கடவுள். பாவக் கணக்கு, பாவசங்கீர்த்தனம், பிசாசு, நரகம். பிறகு ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று துறவறத்துக்குப் போகிறாள். அங்கே கடவுள் சுகமாக இருக்கிறார். நல்ல கட்டடம், நேரத்துக்குச் சாப்பாடு, அமைதியான சிற்றாலயம், மணிக்கணக்கில் தியானம். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் ஏழ்மையையே பார்க்காமல் வாழ முடிகிறது. பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம், நம் பிள்ளைகளைப் பற்றி ஏளனம். பைபிளில் கோபப்படுகிற, ஏழைகள் பக்கம் நிற்கிற ஓர் இயேசு இருக்கிறாரே, அவரை ஏன் யாரும் சொல்லித்தரவில்லை என்று அவள் கேட்கிறாள். பொறுமை, தாழ்ச்சி, கீழ்ப்படிதல் இவற்றை மட்டும் ஏன் சொல்லித்தந்தார்கள்?

வெளியே வந்து விடுகிறாள். வேலை இல்லை, வீடு இல்லை, கையில் காசு இல்லை, சேர்ந்து வாழ ஆள் இல்லை. பக்தி இலக்கியம் காத்துக்கொண்டிருக்கிற இடம் இது. எல்லாரும் கைவிட்டபோது நீர் மட்டும் கூட இருந்தீர் என்று முடிக்க எல்லா வசதியும் இருக்கிறது. பாமா அப்படி முடிக்கவில்லை. பயத்தோடு, நிச்சயமில்லாமல், சிறகொடிந்த பறவையாகத் தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஆறுதலை மலிவாக வாங்க மறுக்கிற அந்த நேர்மைதான் கருக்கின் பெரிய பலம் என்று இப்போது நினைக்கிறேன். அதற்காக வேதத்தைத் தூக்கி எறிந்துவிடவும் இல்லை. பனங்கருக்குக்கு இரண்டு பக்கமும் கூர் என்பதால், முன்னுரையில் எபிரெயருக்கு எழுதின நிருபம் சொல்கிற இருபுறமும் கருக்கான பட்டயத்தை எடுத்துக்கொள்கிறார். வேதத்திலிருந்து அவருக்குத் தேவைப்பட்டது தலையணை இல்லை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். கருக்கில் வருகிற பாட்டி நாயக்கர் வீட்டு மிச்சச் சோற்றை வாங்கி வருகிறவள், அவர்களை விட்டால் நமக்கு ஏது கதி என்று நம்புகிறவள். அவளுடைய அடிமைப் புத்தி நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. அவள் யாரிடம் முணுமுணுத்தாள், வயற்காட்டுக்கு நடக்கும்போது யாரைக் கூட்டிக்கொண்டு போனாள் என்பது தெரியவில்லை. படித்து வெளியே வந்த நம்முடைய தலைமுறைக்கு, படிக்காத நம் தாய்மாரின் ஜெபம் ஒரு சங்கடம். அதைப் பயமாகவோ அறியாமையாகவோ பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 1994இல் வந்த ‘சங்கதி’யில் பாமாவே இதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார். அங்கே பெண்கள் பாட்டும் சண்டையும் சிரிப்புமாக ஒருவருக்கொருவர் துணையாகிறார்கள். அந்தப் புத்தகத்தில் கோயிலைவிடத் தெரு பெரிசு.

தேவரீரைக் கீழே இறக்கித் தெருவுக்குக் கொண்டுவந்த இன்னொருவர் பறட்டை. தியாபிலஸ் அப்பாவு (1940–2005), மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய போதகர். கர்நாடக ராகக் கீர்த்தனைகள் கோலோச்சிய சபைக்குள் பறையையும் நாட்டுப்புற மெட்டையும் பேச்சுத் தமிழையும் கொண்டுவந்தார். பறை சாவு மேளம், அதைக் கோயிலுக்குள் அடிப்பதா என்று முகம் சுளித்தவர்களில் தலித் கிறிஸ்தவர்களே நிறையப் பேர். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தச் சத்தம் ஊர்க்காரன் கூப்பிட்டனுப்பிய சத்தம், மறக்க நினைத்த சத்தம். அது ஞாயமான பயம்தான். பறட்டை அதையும் கேட்டுக்கொண்டேதான் அடித்தார். கடவுளைப் பெத்தவர் என்று கூப்பிட்டார். அம்மாவா அப்பாவா என்று பிரிக்காத, நம் வீடுகளில் புழங்குகிற சொல். எல்லாவற்றையும்விட அவர் சொன்ன ‘ஒரு உலை’தான் எனக்கு முக்கியம். ஒரே உலையில் பொங்கித் தின்கிறவர்கள்தான் ஒரு குடும்பம். அண்ணன் தம்பி பிரிந்தால் ‘உலை வேறயாப் போச்சு’ என்கிறோமே, அந்த உலை. கடவுள் கூட இருக்கிறார் என்பதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது? மனசில் கதகதப்பாக இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வழி. யார் யார் ஒரே பானையில் சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பது பறட்டையின் வழி. எம்மாவுக்கு நடந்த இரண்டு சீஷர்களும் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். வழி நெடுக அவர் கூட நடந்தும் பேசியும் ஆளை அடையாளம் தெரியவில்லை. சாப்பாட்டுக்கு உட்கார்ந்து அப்பத்தைப் பிட்டபோதுதான் தெரிந்தது. லூக்காவின் அந்த இடத்தில் பழைய வேதாகமம் போட்டிருக்கும் சொல் பந்தி. தமிழனுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. எந்தப் பந்தியில் யார் உட்காரலாம் என்று தெரியாமல் நம் ஊரில் ஒருத்தரும் வளர்வதில்லை.

இதுவரை எழுதியதைப் படித்தால் என் வாதம் ஒழுங்காக வந்துவிட்டது போலிருக்கிறது. ‘என்னோடு’ மேல்சாதி பக்தி, ‘நம்மோடு’ தலித் பக்தி. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) இந்த ஒழுங்கைக் கலைத்துப் போடுகிறது. ஆரோக்கியம், காலனிக்குத் துணி வெளுக்கிற வண்ணாத்தி. தலித்துகளுக்குத் துணி வெளுத்து, அவர்கள் வீட்டு வாசலில் நின்று ராச்சோறு வாங்கிப் பிழைக்கிற கிறிஸ்தவக் குடும்பம். அந்தோணியாரிடம்தான் அவளுடைய முறையீடு முழுக்க. நாவல் வந்த நாளில் தலித்தை எதிர்மறையாகக் காட்டிவிட்டது என்று நம் தரப்பில் கடுமையான கண்டனம் எழுந்தது. 2024இல் நம்மை விட்டுப்போன ராஜ் கௌதமனும் அதைக் காட்டமாக விமர்சித்தார். அந்த விவாதத்துக்குள் மறுபடி போக இங்கே இடமில்லை. எனக்கு வேண்டியது ஒரு கேள்விதான். ‘நம்மோடு’ என்று நான் வீராப்பாகச் சொல்கிறேனே, அந்த ‘நாம்’-இல் ஆரோக்கியம் இருக்கிறாளா? காலனி ஒரே உலை என்றால் அவள் ஏன் வாசலில் சட்டியோடு நிற்கிறாள்? எந்தக் கூட்டத்திலும் சேர்க்கப்படாதவளுக்கு ‘என்னோடு’ என்பதைத் தவிர வேறு எந்த வேற்றுமை உருபு மிச்சம்? அவளிடம் போய் தனிமனித பக்தி என்று குற்றம் சொல்வதற்கு எனக்கு வாய் வரவில்லை.

மேனாம்பேட்டு அக்காவும் இங்கேதான் நிற்கிறார். அவர் முதலில் போய்க்கொண்டிருந்தது வேறொரு பெரிய சபைக்கு. அங்கே பெண்கள் ஐக்கியத்தில் பலகாரம் செய்ய ஒருமுறைகூட அவரைக் கூப்பிடவில்லை. பாத்திரம் கழுவக் கூப்பிட்டார்கள். சண்டை போடாமல் நின்றுவிட்டார். அப்புறம் இந்த வீட்டு ஜெபம். ஆகவே மாணவத் தோழர் சொன்ன ‘கற்பனைத் துணை’யில் பாதிதான் உண்மை. நிஜத் துணையாக இருந்திருக்க வேண்டியவர்கள் எல்லாரும் இருட்டில் அவரை விட்டுவிட்டார்கள், சபையும் சங்கமும் நாமும் சேர்த்து. நாலரை மணிக்கு முனைவரை நடந்து போக எந்த இயக்கம் அவருக்கு ஆள் அனுப்பியது?

அடுத்த வாரம் நான் மட்டும் போனேன். சாட்சியை எழுதலாமா என்று கேட்கத்தான். அவருடைய மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். சாதிச் சான்றிதழுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். பேச்சு அந்தப் பக்கம் போனது.

"பிரதர், எல்லா எடத்துக்கும் அவரைக் கூட்டினு போறேன். தாலுக்கா ஆபீசுக்கு மட்டும் கூட்டினு போக முடியல. வாசல்லயே நிக்க வெச்சிட்டுப் போறேன். உள்ள ‘இன்னா மதம்’னு கேப்பாங்க. இந்துன்னு சொல்லணும். சொல்லிட்டு வெளிய வந்து அவர் மூஞ்சியப் பாக்க வெக்கமா கீது."

வீட்டில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர். நெற்றியில் பொட்டு வைத்து எடுத்த ஒரு போட்டோ, வைக்காமல் எடுத்த ஒரு போட்டோ. நம் தெருக்களில் இது ரகசியமே கிடையாது. 1950 ஆகஸ்ட் 10 அன்று ஜனாதிபதி பிறப்பித்த ஆணை, இந்துவாக இல்லாத யாரும் பட்டியல் சாதியாக முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் கிறிஸ்தவனானால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார். ஞானஸ்நானத் தண்ணீர் பட்ட உடனே சாதி முன்னேறிவிடுகிறது, சர்க்கார் கணக்கில் மட்டும்.

இதே சென்னையில் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்த சூசை என்பவர் உச்ச நீதிமன்றம்வரை போனார். சாலையோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசாங்கம் இலவசமாக பங்க் கடை கொடுத்தது. பட்டியல் சாதிக்கு மட்டும் என்பதால், ஆதிதிராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரான அவருக்கு இல்லை. அதே தொழில், அதே வெயில், அதே தோல். 1985 செப்டம்பர் 30இல் வந்த தீர்ப்பு, மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, அந்த இழிவுகள் கிறிஸ்தவத்துக்குள்ளும் அதே கொடுமையோடு தொடர்கின்றன என்று நிரூபிக்க வேண்டும், அதற்கு ஆதாரம் இல்லை என்று தள்ளிவிட்டது. கல்லறைச் சுவர்கள் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்ல வருவதில்லை. 2022இல் மத்திய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இதை ஆராய ஒரு கமிஷன் போட்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. 2024 நவம்பரில், புதுச்சேரியில் வேலைக்காக இந்து என்று சான்றிதழ் கேட்ட ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்று ஒழுங்காகச் சர்ச்சுக்குப் போகிறவர் சலுகைக்காக மட்டும் இந்து என்பது அரசியல் சட்டத்தின்மேல் செய்கிற மோசடி என்று சொன்னது.

மோசடி என்றால் யார் யாருக்குச் செய்த மோசடி என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். ஓர் இலக்கிய விமர்சகனாக எனக்குத் தோன்றுவது வேறு. கடவுளின் துணையைப் பற்றி இதுவரை வந்த ஆறுதல் புத்தகங்கள், பிரசங்கங்கள், பாட்டுகள் எதிலும் இந்தக் காட்சி இல்லை. கூட வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டு, சாதிக்காக அவரை மறுதலித்துவிட்டு, திரும்பி வந்து அவர் முகத்தைப் பார்க்க வெட்கப்படுகிற பெண். பேதுரு மூன்று தரம் மறுதலித்தான், சேவல் கூவியது, அழுதான். அதைப் புனித வெள்ளி தோறும் பிரசங்கிக்கிறோம். இவர் தன் மகளின் படிப்புக்காக வருஷக்கணக்கில் மறுதலிக்கிறார். அதைப் பற்றி எந்தப் போதகரும் வாய் திறப்பதில்லை. திறந்தால் சபையில் பாதிப்பேர் எழுந்து போக வேண்டியிருக்கும்.

"அவர் கோவிச்சுக்குவாரா அக்கா?" என்று கேட்டேன். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

"இன்னாத்துக்குக் கோவம்? அவரே மாட்டுக் கொட்டாய்ல பொறந்தவர்தான. உள்ள விடாத எடம் அவருக்குத் தெரியாதா?" என்றார். பிறகு டீ போட எழுந்தவர், அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். ஜெபத்தில்தான் நான் பிரதர். அடுப்படியில் வேறு.

"எழுதறதெல்லாம் எழுதுங்கண்ணா. எம் பேரு மட்டும் போட்டுறாதீங்க. பாப்பா சர்டிபிகேட் இன்னும் கைக்கு வரல."